அமேசான் வெள்ளக்காட்டு மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் சந்தைக்குப் போகிறவர்கள் ரூப்சந்த்தைப் பார்த்திருப்பீர்கள். ஏரி வவ்வால் என்று சொல்லியும் விற்பார்கள். தட்டையான வெள்ளி உடம்பு, வயிற்றில் சிவப்பு, விலையும் மலிவு. அடுத்த முறை வாங்கும்போது அதன் வாயைத் திறந்து பாருங்கள். நம் கடைவாய்ப்பல் மாதிரியே தடித்த பற்கள் வரிசையாக இருக்கும். மீனுக்கு எதற்குக் கடைவாய்ப்பல் என்று வெட்டித் தருகிற அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். "எதையோ கடிச்சு மென்னு தின்னுற சாதி போல, தம்பி" என்றார். சரியாகத்தான் சொன்னார். இது பண்ணையில் வளர்ந்து இங்கே வருகிறது. பூர்வீகம் அமேசான், ஒரினோகோ ஆறுகள். அங்கே வெள்ளம் புகுந்த காட்டில் மரத்திலிருந்து விழும் கொட்டைகளைத்தான் அது உடைத்துத் தின்கிறது.

வீட்டில் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறவன் நான். என் தொட்டியில் உள்ளவை பாதிக்கு மேல் அந்த ஆறுகளின் வாரிசுகள். அதனால் நண்பர்கள் அந்த ஆறுகளைப் பற்றி அவ்வப்போது கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெள்ளச் சமவெளி ஆறு என்றால் என்ன? எல்லா ஆற்றிலும்தான் வெள்ளம் வருகிறதே?

வருகிறது. ஆனால் நமக்கு வெள்ளம் என்றால் நாலைந்து நாள் ஆபத்து. அமேசானில் அது ஒரு பருவம். பிரேசிலின் மனாவுஸ் நகரத் துறைமுகத்தில் ரியோ நெக்ரோ ஆற்றின் மட்டத்தை 1902 முதல் அளந்து குறித்து வருகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஆறு சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் வாக்கில் உச்சம், அக்டோபர், நவம்பரில் அடிமட்டம்.

ஏறும் காலத்தில் கரை எங்கே என்று காட்டவே முடியாது. ஆறு காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் நுழைந்து மாதக்கணக்கில் நிற்கும். மரங்கள் தண்ணீரில் நின்றபடியே காய்க்கும். வீடுகள் உயரமான கால்களின் மேலோ, கட்டைகளின் மேல் மிதந்துகொண்டோ இருக்கும். வடியும்போது காட்டுக்குள் ஏரிகளும் குட்டைகளும் தனித்தனியாக மிஞ்சும். ஆறு, காடு, ஏரி மூன்றும் சேர்ந்த இந்த ஏற்பாட்டைத்தான் வெள்ளச் சமவெளி ஆறு என்கிறோம்.

இந்த ஏற்ற இறக்கத்தை நாடித் துடிப்பைப் போலப் பார்க்க வேண்டும் என்று 1989இல் வொல்ஃப்காங் யுங்க், பீட்டர் பெய்லி, ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ் மூவரும் எழுதினார்கள். அதுவரை ஆற்று ஆய்வு என்றால் மேலிருந்து கீழே ஓடும் நீரைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. பக்கவாட்டில் காட்டுக்குள் போய்த் திரும்பும் நீர்தான் மீன்களின் வாழ்க்கையை நடத்துகிறது என்பது அவர்கள் வாதம்.

அங்கே எத்தனை வகை மீன்கள்? எப்படி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன?

அமேசான் படுகையில் பெயர் வைக்கப்பட்டவை மட்டும் 2,400க்கு மேல். ஆனால் ஒரே இடத்தில் எல்லாம் இருப்பதில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஏரிகள் இரண்டில் வலை போட்டால் இரண்டிலும் வேறு வேறு கூட்டம் வரலாம். ஒன்றில் பளபளக்கும் செதில் மீன்கள். அடுத்ததில் மீசை வைத்த கெளுத்திகளும் கத்தி போல் ஒல்லியான மின்மீன்களும். இத்தனைக்கும் நாலு மாதம் முன்பு இரண்டு ஏரியும் ஒரே வெள்ளத்துக்கு அடியில் ஒன்றாகத்தான் கிடந்தன.

வெள்ளம் எல்லாவற்றையும் கலந்து விடுகிறது, தண்ணீர் குறையும் காலம் சல்லடை போட்டுச் சலிக்கிறது. எந்த மீன் எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட, எந்த மீனால் அங்கே கோடையைத் தாண்ட முடிந்தது என்று கேட்டால் பதில் சுலபமாக வரும். கீழே வரும் பதில்களில் பாதி இதன் விளக்கம்தான்.

தண்ணீர் கறுப்பு, வெள்ளை என்கிறார்களே, அது என்ன?

நிறத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். இதை உலகுக்கு முதலில் விரிவாக எழுதியவர்களில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் ஒருவர். டார்வினோடு பரிணாமக் கொள்கையில் பங்குள்ள அதே வாலஸ்தான். 1853இல் வெளியான பயண நூலில் அமேசான் ஆறுகளை நிறம் பார்த்துப் பிரித்தார். முந்தின ஆண்டு ஊர் திரும்பும் வழியில் அவர் வந்த கப்பல் நடுக்கடலில் எரிந்துபோனது. சேகரித்ததெல்லாம் போயிற்று. கையில் எடுத்துத் தப்பியவற்றில் ரியோ நெக்ரோ மீன்களைப் பார்த்து அவர் வரைந்த படங்களும் உண்டு. அவை இன்று லண்டனில் இருக்கின்றன. பிறகு 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் ஆய்வாளர் ஹரால்ட் சியோலி இந்த நிறப் பிரிவுக்கு வேதியியல் விளக்கம் கொடுத்தார்.

வெள்ளை நீர் என்பது பெயரளவில்தான் வெள்ளை, பார்த்தால் பால் விட்ட டீ நிறம். சொலிமோயஸ், மதேய்ரா ஆறுகள் இப்படி. ஆண்டீஸ் மலையிலிருந்து வண்டலை அள்ளிக்கொண்டு வருகின்றன. வண்டலோடு சத்தும் வருகிறது. அமிலம் குறைவு.

கறுப்பு நீர் பால் ஊற்றாத டீ. ரியோ நெக்ரோதான் பெரிய உதாரணம். மணற்பாங்கான நிலத்தில் உதிர்ந்த இலைதழை ஊறி இறங்கிய சாறு அது. வண்டல் ஏறக்குறைய இல்லை, சத்தும் குறைவு, பி.எச். 4, 5 என்ற அளவில் அமிலம் தூக்கல்.

மூன்றாவது தெளிந்த நீர். தபாஜோஸ், ஷிங்கு ஆறுகள். பழைய பாறை நிலத்திலிருந்து வருவதால் கலங்கல் இல்லை.

மனாவுஸ் பக்கத்தில் ரியோ நெக்ரோவும் சொலிமோயஸும் சந்திக்கிற இடத்தில் கறுப்பும் பழுப்பும் கலக்காமல் சுமார் 6 கிலோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. வேகம், வெப்பம், அடர்த்தி எல்லாம் வேறு வேறு என்பதால்தான் இப்படி.

மீனுக்கு வருவோம். வண்டல் நீர் புகும் காட்டை வார்செயா என்கிறார்கள், கறுப்பு நீர் புகுவதை இகாபோ. வார்செயாவில் புல் மண்டுகிறது, மீனும் எடை கணக்கில் ஏராளம். இகாபோவில் எடை குறைவு. ஆனால் வகை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ரியோ நெக்ரோ படுகையில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் சின்னச் சின்ன மீன்கள். சென்னைக் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் நீலமும் சிவப்பும் கோடாக மின்னும் கார்டினல் டெட்ரா அந்தக் கறுப்புத் தண்ணீர்ப் பிள்ளை.

வெள்ளம் ஏறும்போது மீன்கள் என்ன செய்கின்றன?

தின்கின்றன. வேறு எதைச் சொன்னாலும் அதற்கு அப்புறம்தான்.

ரூப்சந்த்தின் பெரிய ஒன்றுவிட்ட அண்ணன் தம்பாக்கி. ஒரு மீட்டர் நீளம், 30 கிலோ வரை வளரும். மைக்கேல் கோல்டிங் 1980இல் எழுதிய நூல்தான் இந்த மீனையும் காட்டையும் சேர்த்து உலகத்துக்குக் காட்டியது. வெள்ளம் ஏறியதும் தம்பாக்கி காட்டுக்குள் போய் ரப்பர் மரங்களின் அடியில் காத்திருக்கும். ரப்பர் காய் வெயிலில் காய்ந்து படாரென்று வெடித்து, விதை தண்ணீரில் விழும். அந்தச் சத்தத்துக்கு மீன் வந்து சேரும். ஓட்டை உடைத்துப் பருப்பைத் தின்னும். மீனவர்களுக்கும் இது தெரியும். தூண்டில் கம்பின் நுனியால் தண்ணீரைத் தட்டி, காய் விழுந்தது போல் ஏமாற்றிப் பிடிப்பார்கள்.

எல்லா விதையையும் மீன் மென்று விடுவதில்லை. சின்ன விதைகள் முழுசாக வயிற்றுக்குள் போய், வேறு எங்கோ வெளியே வரும். பெருவில் நடந்த ஆய்வு ஒன்றில், தம்பாக்கி விதையை 5 கிலோமீட்டருக்கு மேலும் கொண்டுபோக முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காடு மீனுக்குச் சோறு போடுகிறது, மீன் காட்டுக்கு நாற்று நடுகிறது. பெரிய மீனைத் தேடிப் பிடித்துத் தீர்த்தால் நாற்று நடுகிற ஆளும் போய்விடும். சின்ன மீனின் வயிற்றில் அவ்வளவு விதை கொள்ளாது.

இப்படி நாலைந்து மாதம் தின்று சேர்த்த கொழுப்புதான் தண்ணீர் குறைந்த மாதங்களுக்குச் சேமிப்பு. வடிந்த பிறகு பல மீன்கள் ஏறக்குறைய பட்டினி. அதனால் ஒரு ஆண்டு வெள்ளம் தாழ்ந்தோ சீக்கிரம் வடிந்தோ போனால் அந்த ஆண்டுக் குஞ்சுகள் குறையும். சில ஆண்டு கழித்து வலையில் அது தெரியும்.

முட்டையிடுவதும் வெள்ளக் கணக்கில்தான். இடம்பெயரும் இனங்கள் பல, தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக வண்டல் ஆற்றுக்கு வந்து முட்டையிடும். பிரேசிலில் இதைப் பிராசெமா என்கிறார்கள். முட்டையும் குஞ்சும் ஓட்டத்தோடு மிதந்து போய், கரை தாண்டும் நீரோடு சமவெளிக்குள் நுழைகின்றன. நம் ஊரிலும் புதுத்தண்ணி வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் வாய்க்காலில் எதிர்த்து ஏறுமே, அதே உந்துதல்தான். அங்கே அளவு பெரிது.

வடியும்போது?

மாட்டிக்கொண்டவை மாட்டிக்கொண்டவைதான். ஏரி சுருங்கச் சுருங்க ஒரு வாளித் தண்ணீருக்கு மீன் எண்ணிக்கை கூடுகிறது. வாய்க்கால் வாயில் ஆற்று டால்பின் காத்திருக்கும், கரையில் கொக்கும் முதலையும். புத்திசாலி இனங்கள் மட்டம் இறங்கத் தொடங்கியதுமே ஆற்றுக்கு வெளியேறிவிடும்.

கலங்கல் நீர், தெளிந்த நீர் என்று ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? மீனுக்கு என்ன வித்தியாசம்?

எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் மிகவும் பிடித்த பகுதி இது.

வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றின் வெள்ளச் சமவெளி ஏரிகளில் மார்கோ ரோட்ரிகஸ், வில்லியம் லூயிஸ் என்ற இருவர் ஆய்வு செய்தார்கள். 1994இலும் 1997இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். இருபது ஏரிகள். ஒவ்வொன்றிலும் என்னென்ன மீன், எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். கூடவே ஆழம், பரப்பு, நீரின் தன்மை இவற்றையும் அளந்தார்கள். எந்த அளவு மீன் கூட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தபோது முன்னால் வந்து நின்றது நீரின் தெளிவு.

தெளிவை அளக்கும் கருவி ரொம்பச் சாதாரணம். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத் தகடு, கயிற்றில் கட்டியது. தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டே போவார்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. செக்கி தட்டு என்று பெயர். எந்த ஏரியில் எந்தக் கூட்டம் இருக்கும் என்பதை இந்தத் தகடு சொல்லிவிடுகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

தெளிந்த ஏரிகளில் கண்ணை நம்பி வாழும் மீன்கள் அதிகம். டெட்ராவும் பிரான்யாவும் சேர்ந்த குடும்பங்கள், ஏஞ்சலும் ஆஸ்காரும் சேர்ந்த சிக்லிடுகள். கலங்கிய ஏரிகளில் கெளுத்திகளும் மின்மீன்களும். கெளுத்திக்கு மீசையே நாக்கு மாதிரி, சுவை பார்த்தே வழி கண்டுபிடிக்கும். மின்மீன் தன்னைச் சுற்றி மெலிதாக ஒரு மின்புலத்தை எழுப்பி, அது எங்கே கலைகிறது என்று உணர்ந்தே இருட்டில் வேட்டையாடும். இரண்டுக்கும் வெளிச்சம் அவசியமில்லை.

ஏன் இப்படிப் பிரிகிறது? சேறு செவுளை அடைக்கும் என்பதால் மட்டுமல்ல. யார் யாரைத் தின்கிறார்கள் என்பதுதான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். தெளிந்த நீரில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், பகலில் அசையும் எதையும் விடாது. அங்கே தப்ப வேண்டுமென்றால் நல்ல கண்ணும் வேகமும் வேண்டும். கலங்கிய நீரில் அந்த வேட்டைக்காரனே குருடன். வேறு புலன் உள்ளவனுக்குத்தான் அங்கே காலம்.

சரி, ஒரு ஏரி ஏன் கலங்குகிறது, இன்னொன்று ஏன் தெளிகிறது? ஆழம்தான். தண்ணீர் குறையும் மாதங்களில் ஆழமில்லாத ஏரியில் காற்று அடித்தாலே அடிச்சேறு கிளம்பும். ஆழமான ஏரியில் வண்டல் படிந்து கிடக்கும். ஆக, ஏரியின் வடிவம் தெளிவைத் தீர்மானிக்கிறது, தெளிவு வேட்டைக்காரனைத் தீர்மானிக்கிறது, வேட்டைக்காரன் மற்றவர்களைத் தீர்மானிக்கிறான். வெள்ளம் வந்து எல்லாவற்றையும் கலந்துவிட்டுப் போனாலும், அடுத்த கோடையில் அதே மாதிரி ஏரியில் அதே மாதிரிக் கூட்டம் திரும்ப உருவாவது இதனால்தான். பிரேசிலின் அரகுவாயா ஆற்று ஏரிகளிலும் இதே போக்கைப் பின்னால் கண்டார்கள்.

இதை எல்லா ஆற்றுக்கும் பொதுவான சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செடி மண்டிய இடங்களில் செடியே முக்கியம். ஆற்றிலிருந்து வெகு தள்ளி இருக்கிற ஏரியில், வழி எவ்வளவு நாள் திறந்திருந்தது என்பது முக்கியம். ஆனால் ஒரே ஒரு அளவு எடுக்கத்தான் அனுமதி என்றால் நான் அந்தத் தட்டைத்தான் எடுத்துக்கொண்டு போவேன்.

வெயில் நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகாதா?

போகும். சில ஏரிகளில் விடியற்காலையில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. சூடான நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்து வைக்கும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. அதுவும் நன்றாகக் காற்றுப்பட்ட நீரில். வெள்ளம் மூடிய காட்டில் இலைதழை அழுகும்போது இருக்கிறதையும் அது உறிஞ்சிவிடும். இரவில் ஒளிச்சேர்க்கையும் கிடையாது.

இதற்கு மீன்கள் கண்டுபிடித்த வழிகள் வேடிக்கையானவை. தம்பாக்கியின் கீழுதடு சில மணி நேரத்தில் வீங்கி முறம் போல நீளும். காற்றோடு உரசும் மேல்நீரை மட்டும் அள்ளிச் செவுளுக்குத் தள்ளத்தான் அது. நிலைமை சரியானதும் உதடு பழையபடி ஆகிவிடும். கவசக் கெளுத்திகளில் பல காற்றை விழுங்கிக் குடலிலோ இரைப்பையிலோ உறிஞ்சிக்கொள்ளும். மின்விலாங்கு காற்றைக் குடிக்காமல் உயிரோடு இருக்கவே முடியாது. நம் விராலும் பனையேறியும் செய்கிற அதே வேலையை வேறு வேறு உறுப்பால் செய்கின்றன, அவ்வளவுதான்.

இதை என் வீட்டிலேயே ஒருமுறை பார்த்தேன், பார்க்க விரும்பாமலே. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரன்ட் இல்லை. தொட்டியில் காற்றுக் குமிழி நின்றுபோனது. முதல் ராத்திரி டெட்ராக்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன், தூங்கிவிட்டேன். காலையில் டெட்ரா பன்னிரண்டும் மிதந்தன. ஏஞ்சல் இரண்டில் ஒன்று போயிற்று. அடியில் கிடக்கும் கோரி கெளுத்திகள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல், சர்ரென்று மேலே போய் ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு கீழே வந்தன. கண்ணாடியில் வாயால் ஒட்டிக் கிடக்கும் சக்கர் மீன் (அதுவும் ஒரு கவசக் கெளுத்திதான்) அசையவே இல்லை, ஆனால் உயிரோடு இருந்தது. நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோடைச் சல்லடை.

பிராருக்கு மீனை எண்ணியே பிடிக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. பிராருக்குவும் (அரபைமா என்றும் சொல்வார்கள்) காற்றைக் குடித்தே ஆகவேண்டிய மீன். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து உருளும். இரண்டு மீட்டருக்கு மேல் வளர்கிற மீன் என்பதால் அது மறைவாக நடக்கிற காரியமில்லை. அந்த மூச்சே அதற்கு எமனாகவும் இருந்தது. மேலே வரும் இடம் பார்த்து ஈட்டி எறிந்துதான் காலங்காலமாகப் பிடித்தார்கள். பல இடங்களில் துடைத்தே எடுத்துவிட்டார்கள்.

பிரேசிலின் தெஃபே ஊருக்குப் பக்கத்தில் மாமிராவா காப்பகம் இருக்கிறது. சுமார் 11,000 சதுர கிலோமீட்டர், முழுக்க வார்செயா. அங்கே 1999 முதல் ஊர்க்காரர்களே எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். மீனவர்கள் தங்களுக்குள் ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 20 நிமிடம் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்து, மேலே வரும் மீனை எண்ணுவார்கள். சத்தத்தையும் நீர் சுழிக்கும் விதத்தையும் வைத்தே இது முன்பு வந்த அதே மீனா, வேறா, குட்டியா, பெரியதா என்று பிரிப்பார்கள். அது எப்படி முடியும் என்று கேட்ட ஆய்வாளர் லியான்ட்ரோ கஸ்தேலோ, அவர்கள் கணக்கை வேறு முறை எண்ணிக்கையோடு ஒப்பிட்டார். அனுபவசாலிகளின் கணக்கு நன்றாகவே பொருந்தியது. ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட மீன்களில் 30 விழுக்காடு வரை பிடிக்கலாம், மீதியைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. மீன் பல மடங்கு பெருகியது.

பிரான்யா ஆளைத் தின்னுமா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காதே. உயிரோடு இருக்கும் ஆளைக் கூட்டமாகச் சேர்ந்து எலும்பாக்கும் என்பது கதை. கடிக்கும், அது உண்மை. முக்கியமாகத் தண்ணீர் குறைந்து குட்டையில் அடைபட்ட காலத்தில்.

அவை கூட்டமாகத் திரிவது வேட்டைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாமிராவாவில் ஹெல்டர் கெய்ரோஸ், ஆன் மகரன் இருவரும் சிவப்பு வயிற்றுப் பிரான்யாவை ஆராய்ந்து 2005இல் வேறு ஒன்று சொன்னார்கள்: அது பயத்தில் சேர்கிற கூட்டம். டால்பின், முதலை, நீர்க்காகம், பிராருக்கு எல்லாமே பிரான்யாவைத் தின்னும். தண்ணீர் குறைந்து ஆபத்து கூடும்போதுதான் கூட்டம் பெரிதாகிறது.

அணை கட்டினால் தண்ணீர் எப்போதும் இருக்குமே, மீனுக்கு நல்லதுதானே?

இல்லை. மீனுக்கு வேண்டியது தண்ணீர் மட்டுமல்ல, அது ஏறி இறங்குவதும்தான். உவாதுமா ஆற்றில் பல்பினா அணை 1980களின் கடைசியில் வந்தது. அணைக்குக் கீழே நீர் மட்டம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே சீராக ஆனது. தாழ்வான இடத்து இகாபோ மரங்கள் கால் காயாமல் நின்று நின்றே செத்தன. வெள்ளத்தில் மாதக்கணக்கில் நிற்கத் தெரிந்த மரத்துக்கும் வருஷத்தில் கொஞ்ச நாள் காய்ந்த தரை வேண்டும். மரம் செத்தால் கொட்டை எங்கே, தம்பாக்கி எங்கே?

இன்னொன்று, வழி அடைபடுவது. தொராடா என்ற பெரிய கெளுத்தி ஆண்டீஸ் அடிவாரத்தில் முட்டையிடும். குஞ்சுகள் அமேசான் முகத்துவாரம் வரை மிதந்து போய் வளர்ந்து, திரும்ப மலையடிவாரத்துக்கு ஏறும். போக வர சுமார் 11,600 கிலோமீட்டர். நன்னீரிலேயே செய்யப்படும் மீன் பயணங்களில் இதுதான் மிக நீளம் என்று 2017இல் வந்த ஆய்வு சொன்னது. மதேய்ரா ஆற்றில் 2012 வாக்கில் இயங்கத் தொடங்கிய சான்டோ அன்டோனியோ, ஜிராவ் அணைகள் அந்த வழியின் குறுக்கே நிற்கின்றன.

ஷிங்கு ஆற்றில் பெலோ மோன்ட்டே அணை 2016 முதல் மின்சாரம் எடுக்கிறது. அதற்காக ஆற்றின் பெரிய வளைவு ஒன்றில், 130 கிலோமீட்டர் போல, நீரை வேறு வழிக்குத் திருப்பிவிட்டார்கள். தொட்டிக்காரர்கள் உயிரை விடுகிற வரிக்குதிரைப் பிளெக்கோ (கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சின்னக் கெளுத்தி) இயற்கையில் இருப்பது அந்தப் பகுதியில்தான்.

காட்டை வெட்டினால் மீன் குறையுமா?

குறையும். அமேசானின் கீழ்ப்பகுதி வெள்ளச் சமவெளியில் காடு அதிகமுள்ள இடத்தையும் மாட்டுப் பண்ணைக்காக வெட்டிய இடத்தையும் ஒப்பிட்டார்கள். காடுள்ள பக்கம்தான் மீன் அதிகம். மேலே தம்பாக்கி கதையைப் படித்தவர்களுக்கு இதற்குத் தனி விளக்கம் வேண்டாம்.

2023, 2024 வறட்சியில் என்ன ஆனது?

மனாவுஸ் மட்டப் பதிவில் 2021 ஜூனில் 30.02 மீட்டர், அதுவரை பதிவான எல்லாவற்றிலும் உயரம். அடுத்து 2023 அக்டோபரில் 12.70, அதுவரை இல்லாத தாழ்வு. மறு ஆண்டே 2024 அக்டோபரில் 12.11 வந்து அதையும் முறித்தது. நூற்றிருபது ஆண்டுப் பதிவேட்டில் உச்சமும் அடியும் நாலு ஆண்டுக்குள்.

2023 செப்டம்பரில் தெஃபே ஏரியின் நீர் 39 டிகிரியைத் தாண்டியது. நாம் குளிக்க விளாவும் வெந்நீர்ப் பக்கம். அந்த ஏரியில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆற்று டால்பின்கள் செத்து மிதந்தன, கூடவே மீன்களும். சல்லடை என்று சொன்னேனே, அதன் கண் திடீரென்று அடைபட்டால் இப்படித்தான். காற்றைக் குடிக்கத் தெரிந்ததால் மட்டும் 39 டிகிரியில் பிழைக்க முடியாது.

ஆகாயத்தாமரை அங்கிருந்து வந்ததாமே? அங்கே தொல்லை இல்லையா?

அங்கிருந்துதான். நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் அதே செடி. அங்கே அதுவும் புல்லும் சேர்ந்து வார்செயாவில் மிதக்கும் மெத்தைகளாகப் பரவும். வேரின் சடைக்குள் சின்னக் குஞ்சுகள் ஒளிந்து வளரும். பிறகு தண்ணீர் வடிந்ததும் மெத்தை தரைதட்டிக் காய்ந்து, மக்கி, அடுத்த வெள்ளத்துக்கு எருவாகும். ஆண்டுதோறும் கணக்கு நேராகிவிடுகிறது. நம் ஏரியில் அப்படிப் பத்து மீட்டர் இறக்கம் கிடையாது, அதைத் தின்னும் பூச்சிகளும் கூட வரவில்லை.

வீட்டுத் தொட்டிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?

நிறையப் பயன்படும். கார்டினல் டெட்ராவும் டிஸ்கஸும் வைத்திருக்கிறீர்களா? நாட்டு வாதுமை இலை இரண்டைக் காயவைத்துப் போடுங்கள். தண்ணீர் டீ நிறமானால் பதறி மாற்றாதீர்கள், அது அவற்றின் சொந்த ஊர் நிறம். விளக்கையும் கொஞ்சம் குறையுங்கள். ஆனால் சென்னை போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கு இலை மட்டும் போதாது, ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டியிருக்கும். ஆஸ்காரை டெட்ராவோடு தெளிந்த தொட்டியில் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரினோகோ வரை போக வேண்டாம்.

அப்புறம் சக்கர் மீன். கையளவு வாங்கியது முழங்கை நீளம் ஆனதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கலங்கல், சாக்கடை, ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. இரைப்பையில் காற்றை உறிஞ்சும், உடம்பெல்லாம் கவசம். அமேசானின் சல்லடையையே தாண்டி வந்த மீனுக்கு நம் ஏரி எம்மாத்திரம்? தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கனவே பெருகிவிட்டது. இடமில்லையென்றால் வாங்கின கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர் எடுத்துக்கொள்வார்கள். என்னுடையதை அப்படித்தான் கொடுத்தேன்.